தம்பி கொண்டுவந்த ஒற்றைப் பிளேட் ரேசர்

"தாடி வைத்திருக்கிற சேருக்கு எதுக்கு ரேசர்?" என்று கொமெண்டில் கேட்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தாடி வைத்தவனுக்குத்தான் ரேசரில் கவனம் கூடத் தேவை. முழுதாக வழிக்கிறவர் பாதித் தூக்கத்தில்கூட வழித்துவிட்டுப் போகலாம். கன்னத்தில் ஒரு கோடு, கழுத்தில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஒரு பக்கம் கால் அங்குலம் ஏறிப்போனால் போதும், தரம் 9 பிள்ளைகள் முதலாம் பாடவேளையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு அதோடு கழுத்துப் பிரச்சினையும் உண்டு. என் தாடி முடி சுருட்டை. கழுத்தில் அது ஒரே திசையில் வளர்வதுமில்லை. இடப்பக்கம் கீழ்நோக்கி, வலப்பக்கம் காதை நோக்கி, தொண்டைக்குழிக்குக் கிட்ட தலைச்சுழி மாதிரி ஒரு சுழி. கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்தே வழித்த மறுநாள் கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பரு கிளம்பிவிடும். சேர்ட் கொலர் அதில் உரசி, நண்பகலாகும்போது கொலரின் உட்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இரத்தம். உம்மா வேப்பிலை அரைத்துத் தந்தா. கூட்டாளிகள் ஆளுக்கொரு கிறீம் சொன்னார்கள். ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, "வழிக்காம விட்டீங்கண்டா சுகமாயிடும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் கழுத்து முழுக்க முடியை விட்டுக்கொண்டு வகுப்பில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படியே பதினைந்து வருடத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

என் தம்பி நகோயாவில் வேலை செய்கிறான். இரண்டு மாதத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு சிறிய பெட்டி கொண்டுவந்தான். நான் ஏதோ பேனை என்றுதான் நினைத்தேன். திறந்தால் ஒரு ரேசர். முழுக்கத் துருப்பிடிக்காத உருக்கு, பிளாஸ்டிக் ஒரு பொட்டும் இல்லை.

"காக்கா, இதால ஒருக்கா வழிச்சுப் பாருங்க. பிறகு பேசுவம்."

"எவ்வளவுடா இது?"

"அத விடுங்க."

அவன் விட்டாலும் இன்டர்நெட் விடுமா? தேடிப் பார்த்தேன். நம்முடைய காசுக்கு மாற்றினால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட வந்தது. உம்மாவிடம் சொன்னதுதான் தாமதம். "முகம் வழிக்கிறதுக்கா மனே இவ்வளவு காசு? ரெண்டு மூடை அரிசி எடுக்கலாமே!" உம்மாவின் கணக்கில் எந்தப் பொருளின் விலையும் கடைசியில் அரிசி மூடையில்தான் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் பிழை சொல்லவும் முடியாது.

ரேசரின் பெயரை இங்கே எழுதவில்லை. விளம்பரம் செய்ய வரவுமில்லை, என் பதிவைப் பார்த்து யாராவது கடன்பட்டு வாங்குவதை விரும்பவுமில்லை. எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் கூர். நடுவே ஓட்டை. அதைத் திருகிப் பூட்டுகிற ரேசரை வாப்பாமார் காலத்திலிருந்து எல்லோரும் பார்த்திருப்போம். இதற்குப் போடுகிற பிளேட் வேறு. நாடாத் துண்டு மாதிரி ஒடுக்கமானது, ஒரு பக்கம் மட்டும் கூர், மற்றப் பக்கத்தை விரலால் பிடிக்கலாம். ஜப்பானில் சலூன்காரர்கள் தங்கள் மடக்குக் கத்தியில் பூட்டுவதற்காகச் செய்த பிளேட் இது. ஃபெதர் என்ற கம்பனியின் 'ஆர்ட்டிஸ்ட் கிளப்' வகை. தம்பி ஒரு டப்பி கொண்டுவந்தான், உள்ளே இருபது.

அந்தக் கம்பனி 1932இல் செக்கி என்ற நகரத்தில் தொடங்கியது. நகோயாவிலிருந்து வடக்கே, கிஃபு மாகாணத்தில் இருக்கிறது செக்கி. பல நூறு வருடமாக வாள் அடித்த கொல்லர்களின் ஊர். இப்போது சமையல் கத்தி, கத்தரிக்கோல், பிளேட் செய்கிறார்கள். சவரக் கத்திகளுக்கென்றே அங்கு ஒரு நூதனசாலைகூட இருக்கிறது. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தவன். ஜப்பானில் பெண்களும் சலூனுக்குப் போய் முகத்தின் பூனைமயிரை வழித்துக்கொள்வார்களாம். இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் கூர் இருப்பதில் என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் தடிப்பில்தான். நாம் வழமையாகப் பாவிக்கும் இரட்டைப் பக்கப் பிளேட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு. கையால் வளைக்கலாம். ரேசரில் பூட்டித் திருகும்போது மேல்மூடி அதை வளைத்துப் பிடிப்பதால்தான் அது விறைப்பாக நிற்கிறது. ஒற்றைப் பக்கப் பிளேட் அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான தடிப்பு. வளைக்கத் தேவையில்லை, தட்டையாகவே விறைத்து நிற்கும். முடியில் படும்போது அதிராது. தடித்த முடி உள்ளவர்களுக்கு அந்த அதிர்வு இல்லாமல் போவது பெரிய விஷயம். மெல்லிய பிளேட் தடித்த முடியில் தட்டித் தட்டிப் போகும்போது வருகிற அந்த 'சுருக்' என்ற வலியை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முடி மெதுமையானது, உருக்கு வன்மையானது. கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு வித்தியாசம். அப்படியிருந்தும் சில நாளில் பிளேட் மொட்டையாகிவிடுகிறதே, ஏன்? தேய்ந்து போகிறது என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர் தானே வழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பிளேட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறார். விளிம்பு தேய்ந்து உருண்டு போகவில்லை. நுண்ணிய துண்டு துண்டாகத் தெறித்திருக்கிறது. முடி நேராக நின்று வெட்டுப்படாமல் சாய்ந்து வளையும்போது, அது உருக்கின் பலவீனமான ஓர் இடத்தில் பட்டால் அங்கே சில்லுத் தெறிக்கிறது. ஆகவே முடி எவ்வளவு வளையாமல் வெட்டுப்படுகிறதோ அவ்வளவு நல்லது, முகத்துக்கும் பிளேட்டுக்கும்.

இனி முதல் நாள்.

வெள்ளிக்கிழமைக் காலை. அவசரமில்லாத நாள் வேண்டும் என்று காத்திருந்தேன். முதலில் குளித்தேன். முடி தண்ணீரை உறிஞ்சி மெதுவாக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும், அதன் பிறகு வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறைந்துவிடும். ஷேவிங் சவுக்காரத்தைப் பிறஷால் நுரைத்துக் கழுத்தில் பூசினேன். விரலால் தடவி முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன்.

ரேசரைக் கையில் எடுத்ததும் தெரிகிற முதல் விஷயம் பாரம். பிறகு ஒருநாள் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 104 கிராம். ஒரு தூக்கியெறியும் ரேசரையும் வைத்துப் பார்த்தேன். 7 கிராம். (ஆய்வுகூட உதவியாளர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.) இந்தப் பாரத்தில்தான் விஷயமே இருக்கிறது. 7 கிராம் பொருளைத் தோலில் வைத்தால் அது வேலை செய்யாது, நாம்தான் அழுத்த வேண்டும். அழுத்தும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது. 104 கிராமைத் தோலில் வைத்தால் அது தன் பாரத்திலேயே இறங்கும். கை அதை வழிநடத்தினால் மட்டும் போதும்.

அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் பிரிக்க வருவது. தரம் 10 பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் ஆணியையும் கத்தியையும் காட்டி இதைப் படிப்பிக்கிறோம். கூரான விளிம்பின் பரப்பளவு மிக மிகச் சிறியது, அதனால் சிறிய விசையே பெரிய அமுக்கத்தைத் தரும். அந்தச் சமன்பாட்டை முதல் தடவையாக என் கழுத்தில் உணர்ந்தேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

பிடிக்கிற கோணம் இரண்டாவது விஷயம். தோலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 30 பாகை இருக்க வேண்டும். இந்த ரேசரின் தலை அந்தக் கோணத்துக்கென்றே செதுக்கப்பட்டிருக்கிறது. மேல்மூடியின் தட்டையான பகுதியைத் தோலில் படவைத்து, பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் சத்தம் கேட்கத் தொடங்கும். 'சர்ர்' என்று, காய்ந்த தென்னோலையை நகத்தால் கீறுகிற மாதிரி. அந்தச் சத்தம்தான் அளவு. சத்தம் நின்றால் கோணம் விலகிவிட்டது என்று அர்த்தம். தடித்த பிளேட் என்பதால் சத்தமும் கூட. கதவுக்கு வெளியே நின்ற என் மகள், "வாப்பா, என்ன சுரண்டுறீங்க?" என்று கேட்டாள்.

முடி படுத்திருக்கும் திசையில் ஒரு தடவை. திரும்ப நுரை போட்டுக் குறுக்காக ஒரு தடவை. அவ்வளவுதான். எதிர்த் திசையில் போகவேயில்லை. குளிர்ந்த தண்ணீரால் கழுவி, படிகாரக் கல்லைத் தடவினேன். எரிவு வந்தால் எங்கேயோ தோல் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் இலேசாகக் கடித்தது. இரத்தம் ஒரு துளியும் இல்லை.

மறுநாள் காலையில் எழும்பியதும் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பரு இல்லை. மூன்றாம் நாள் ஒன்றிரண்டு வந்தன, அவை பழையவை. இரண்டாவது கிழமையில் கொலரில் புள்ளி இல்லை. இப்போது இரண்டு மாதம். கழுத்தில் பழைய தழும்புகளின் கறுப்பு மட்டும் மிச்சமிருக்கிறது, அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

குறைகளும் உண்டு. தலை அகலம். மூக்குக்குக் கீழே மீசையின் மேல் விளிம்பைச் சரிசெய்ய இதனால் முடியவில்லை, அதற்கு இன்னும் சிறிய கத்தரிக்கோல்தான். சவுக்காரக் கையில் பிடி வழுக்குகிறது. இவ்வளவு விலைக்கு அந்தப் பிடியில் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு வைத்திருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தப் பிளேட் நம் ஊர்க் கடையில் இல்லை. ஒன்றை எட்டுப் பத்துத் தடவை பாவிக்கிறேன், இருபதும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் போகும். அதன் பிறகு தம்பியின் பயணப் பொதியை நம்பித்தான் இருக்க வேண்டும். அதையும் விமானத்தில் கையோடு கொண்டுவர விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள்தான் போட வேண்டும்.

ஒற்றைப் பக்க ரேசர் ஏதோ இப்போது கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு ரேசர் என்று அமெரிக்காவில் முதன்முதல் பரவியதே இந்த வகைதான். நியூயோர்க்கில் கெம்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புரிமை எடுத்தது, மடக்குக் கத்தியின் ஒரு துண்டை வெட்டிப் பிடியில் பொருத்தியது போன்ற ஒரு ரேசருக்கு. அதைத் தீட்டித் தீட்டிப் பாவிக்க வேண்டும். தீட்டவே தேவையில்லாத, பாவித்துவிட்டு வீசுகிற மெல்லிய பிளேட் என்ற யோசனை கிங் கேம்ப் ஜிலெட்டுடையது. 1903இல், விற்பனையின் முதல் வருடத்தில், அவர் விற்றது 51 ரேசரும் 168 பிளேட்டும்தான். 1904இல் காப்புரிமை கிடைத்தது, பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1971இல் இரண்டு பிளேட் வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து.

பிளேட் கூடக் கூட என்ன நடக்கிறது? முன்னால் போகிற பிளேட் முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெட்டுகிறது. அது உள்ளே சுருங்கிப் போவதற்குள் பின்னால் வருகிறது இன்னும் கீழே வெட்டுகிறது. கையால் தடவினால் பட்டு மாதிரி இருக்கும். நேர் முடிக்காரருக்கு அதில் பிரச்சினை இல்லை. சுருட்டை முடிக்காரருக்கு, தோலுக்குக் கீழே நின்றுவிட்ட அந்தக் கூரான நுனி திரும்பி வளரும்போது வெளியே வரும் வழியைத் தவறவிட்டுப் பக்கத்துத் தோலைக் குத்தும். உடம்பு அதை முள் ஏறியதாக நினைத்துச் சண்டை போடும். அந்தச் சண்டைதான் பரு. தோல் வைத்தியர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு ஒற்றைப் பிளேட்டால், முடியின் திசையில், தோலை இழுத்துப் பிடிக்காமல் வழிக்கச் சொல்வது இதனால்தான்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ஒஸ்தா மாமாவின் ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட எங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வருவார். வாப்பா முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்காருவார். ஒஸ்தா மாமா ஒரு புதுப் பிளேட்டை எடுத்து, கடதாசி உறையைப் பிரிக்காமலே நடுவில் மடித்து 'டிக்' என்று இரண்டாக முறிப்பார். பாதியைக் கத்தியில் செருகுவார். மற்றப் பாதி அடுத்த வீட்டுக்கு. இப்போதும் நம் சலூன்களில் இதுதான் நடக்கிறது. அரைப் பிளேட், ஒரு பக்கக் கூர், நீளப் பிடி. யோசித்துப் பார்த்தால் தம்பி கொண்டுவந்த ரேசரின் வேலையும் அதுதான்.

ஒஸ்தா மாமா கத்தியை மூன்று விரலால் பிடிப்பார். மோதிர விரலும் சின்ன விரலும் காற்றில் நிற்கும். வாப்பாவின் தாடையில் கத்தி போவதைப் பார்த்தால் அவர் அழுத்துகிற மாதிரியே இருக்காது, தூசு தட்டுகிற மாதிரி இருக்கும். எங்களைப் பக்கத்தில் நிற்க விடுவார், ஆனால் கதைக்க விடமாட்டார். அவருடைய மூன்று விரலுக்குள் இருந்த அளவைத்தான் இந்தக் கம்பனி 104 கிராம் உருக்காக வார்த்து விற்கிறது என்று எனக்குப் படுகிறது. கை தெரிந்தவருக்கு அரைப் பிளேட் போதும். கை தெரியாதவருக்குத்தான் கருவி தேவை.

அப்படியென்றால் கையை யார் சொல்லிக்கொடுப்பது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவனுடைய வாப்பாவிடமும் கேட்டு, அவர்கள் சரியென்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர், பாடசாலை, ஊர் எதுவும் இல்லை. யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

தரம் 11இல் ஒரு பையன். சாதாரண தரப் பரீட்சை வருடம். கெட்டிக்காரன். கிழமையில் இரண்டு நாள் வரமாட்டான். வந்தாலும் கையைத் தாடையில் வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் இருப்பான். காரணம் கேட்டால் காய்ச்சல், வயிற்றுவலி. ஒருநாள் அவன் கையை எடுத்தபோதுதான் பார்த்தேன். கழுத்து முழுக்கப் பரு. சிலது சீழ் வைத்திருந்தது. என் பதினெட்டு வயதுக் கழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் 'கொப்புளிப்பான்' என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

வாப்பா கட்டாரில். ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருக்கா வருவார். வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். மீசை அரும்பியபோது அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவனும் யாரிடமும் கேட்கவில்லை. உம்மாவிடம் கேட்க வெட்கம். கிணற்றடியில் ஆணியில் கொழுவியிருந்த ஒரு தூக்கியெறியும் ரேசர், சாச்சாவின் இரண்டு மகன்மாரோடு சேர்த்து மூன்று பேருக்கும் அது ஒன்றுதான். தண்ணீர்கூடப் போடாமல் காய்ந்த தோலில், கீழிருந்து மேலே, அழுத்தி. தாடி வழித்து வராவிட்டால் பாடசாலை வாசலில் பேச்சு வாங்க வேண்டும், ஆகவே பருவின் மேலேயே திரும்பத் திரும்ப வழித்திருக்கிறான். ஒரே ரேசரைப் பலர் பாவித்தால் ஈரல் அழற்சி பி மாதிரி இரத்தத்தால் பரவும் நோய்கள் தொற்றலாம் என்பதும் அந்த மூன்று பேருக்கும் தெரியாது. சுகாதாரப் பாடத்தில் பல் துலக்கவும் நகம் வெட்டவும் படிப்பிக்கிறோம். முகம் வழிப்பது எந்தத் தரத்துப் புத்தகத்திலும் இல்லை. அதை வாப்பா சொல்லிக்கொடுப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாப்பா டோஹாவில் நிற்கிறார்.

அவருக்கு வட்ஸ்அப்பில் அழைத்தேன். பாடசாலையிலிருந்து அழைப்பு என்றதும் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சேர், நான் அடுத்த வருசந்தான் வருவன். நீங்க உங்கட தம்பியப் போல நினச்சுச் சொல்லிக்குடுங்க" என்றார்.

முதல் வேலை ரேசரை எறிவது. வழிக்கவே வேண்டாம், மூன்று கிழமை அப்படியே விடு என்று சொன்னேன். அதற்குப் பாடசாலையில் அனுமதி வேண்டுமே. ஒழுக்காற்றுக்குப் பொறுப்பானவரிடம் பேசினேன். "ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேர் தாடியோட வருவானுகள்" என்றார். அவருடைய பயமும் நியாயம்தான், நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவர் அவர்தானே. டொக்டரின் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு மாதம் தந்தார்.

என் ரேசரை அவனுக்குக் கொடுக்கவில்லை. ரேசரைக் கைமாற்றக்கூடாது என்பதைத்தானே முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடையில் ஒரு சாதாரண இரட்டைப் பக்க ரேசர், ஒரு பக்கெட் பிளேட், ஒரு பிறஷ், ஒரு சவுக்காரம் வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். ஒரு சனிக்கிழமை, அவனுடைய மாமாவும் கூட இருக்க, அவர்கள் கிணற்றடியில் உட்கார்ந்தோம். சாச்சாவின் மகன்மார் இரண்டு பேரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள். கூப்பிட்டு அவர்களையும் இருத்திக்கொண்டேன்.

பிளேட் போடாமல் பூட்டிய ரேசரால் என் கழுத்தில் காட்டினேன். விரலால் தடவு, எந்தப் பக்கம் தடவும்போது சொரசொரக்கிறதோ அது எதிர்ப்பக்கம், அந்தப் பக்கம் போகாதே. மூன்று விரலால் பிடி. அழுத்தாதே, ரேசர் விழுந்துவிடும் என்ற அளவுக்கு இலேசாகப் பிடி. சத்தத்தைக் கேள். "சேர், இது அமுக்கம் பாடமா?" என்று அவன் கேட்டான். அன்று அவன் கை தாடையில் இல்லை.

ஐந்தாவது கிழமையில் அவன் முதல் தடவையாக அந்த ரேசரால் வழித்தான். பரு முற்றாகப் போகவில்லை, ஆனால் சீழ் இல்லை. திங்கட்கிழமைகளில் வருகிறான். பட்டப்பெயர் இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் அவ்வளவு இலேசில் விடமாட்டார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது திரும்பி அவனும் ஒன்று சொல்கிறான்.

இனி, "சேர், அந்த ரேசர் வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு. என் கையால் காசு கொடுத்து நான் வாங்கியிருக்க மாட்டேன். கையில் எடுத்தால் சுகமான பொருள், செய்த விதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, என் பேரன் காலத்திலும் இருக்கும், கழுத்தைக் காப்பாற்றியது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கிணற்றடியில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ரேசரும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தது. வித்தியாசம், அந்தக் கனமான ரேசர் நாம் அழுத்த மறந்தாலும் வேலை செய்யும், மற்றதற்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். மூன்றோ ஐந்தோ பிளேட் உள்ளது உங்கள் முகத்துக்குப் பிரச்சினை தரவில்லையென்றால் எதையும் மாற்றாதீர்கள். கழுத்தில் பரு வருகிறவர்கள் முதலில் ஒரு சாதாரண ஒற்றைப் பிளேட் ரேசரோடு ஒரு மாதம் பொறுமையாக இருந்து பாருங்கள். வெந்நீர், சவுக்காரம், முடியின் திசை. சீழ் வைத்திருந்தால் டொக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

பாவித்த பிளேட்டைக் குப்பைக்கூடையில் வெறுமனே போட வேண்டாம். குப்பை அள்ள வருகிறவர்களும் மனிதர்கள்தான். பழைய பால்மாத் தகரம் ஒன்றின் மூடியில் கீறல் வெட்டி, அதற்குள் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று குளியலறை ஜன்னல் கட்டில் இருக்கிறது. உம்மா அதை உண்டியல் என்று நினைத்துப் போன கிழமை பத்து ரூபாய் போட்டிருக்கிறா.

டப்பியில் இன்னும் பதினாறு பிளேட் இருக்கிறது. இன்பொக்ஸில் பெயர் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது.